நச்சியல் ஆய்வகத்தில் முதல் ஆறு மாதம்: புற்றுக்காரணியின் தடம் பிடிக்கக் கற்பது

ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். புகையிலும் தாரிலும் இருக்கும் பென்சோபைரீனைச் சுத்தமான டிஎன்ஏவோடு ஒரே குழாயில் போட்டு, வெளிச்சம் படாமல் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும்? பேர்போன புற்றுக்காரணி ஆயிற்றே, டிஎன்ஏ சேதமாகிவிடும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில் பென்சோபைரீன் டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு சும்மா நிற்கும், அவ்வளவுதான். கரைப்பானால் கழுவினால் வெளியே வந்துவிடும். அதே குழாயில் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த நொதியைக் கொஞ்சம் விட்டு, அந்த நொதி இயங்கத் தேவையான என்ஏடிபிஎச்சையும் சேர்த்துப் பாருங்கள். இந்த முறை டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டது எத்தனை கழுவினாலும் போகாது.

இந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் இந்தத் துறையின் வேலை. முதல் ஆறு மாதத்தில் அதற்கான கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, எங்கே கால் வழுக்கும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கல்லீரலின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நஞ்சைக் கண்டுபிடித்து முறிக்கும் உறுப்பு கல்லீரல் என்று பள்ளியில் படித்திருப்போம். கல்லீரலுக்கு நஞ்சு எது, மருந்து எது என்று தெரியாது. கொழுப்பில் கரையும் பொருள் வந்தால், நீரில் கரைகிற மாதிரி மாற்றி வெளியே தள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அதன் கணக்கு. பென்சோபைரீனில் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி கூடக் கிடையாது, வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். அதனால் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் அதில் ஓர் ஆக்சிஜனைச் செருகுகிறது. (கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால் அந்தப் பெயர். ஒமுராவும் சாட்டோவும் 1960களின் தொடக்கத்தில் வைத்தது.) அப்படி உண்டாகும் விளைபொருள்களில் பெரும்பாலானவை ஒழுங்காக வெளியேறிவிடும். ஒரு வழியில் மட்டும் ஆக்சிஜன் 7, 8 கார்பன்களின் மேல் விழுந்து, நீர் சேர்ந்து, மறுபடியும் 9, 10-இல் ஓர் ஆக்சிஜன் விழுந்து, எலக்ட்ரானுக்கு ஏங்கும் ஓர் எபாக்சைடு (ஓர் ஆக்சிஜன் இரண்டு கார்பன்களோடு முக்கோணமாகப் பிணைந்த அமைப்பு) உருவாகிவிடுகிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின்மேல் போய் ஒட்டுவது அதுதான்.

இந்த எண்ணத்தை நிலைநாட்டியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதியர். 'வெண்ணெய் மஞ்சள்' என்ற அசோ சாயத்தை எலிகளுக்குக் கொடுத்து, அது கல்லீரல் புரதத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதை 1947-இல் காட்டினார்கள். குழாயில் வைத்தால் அந்தச் சாயம் புரதத்தைத் தொடவே தொடாது. அப்படியானால் உடல்தான் அதை வேறொன்றாக மாற்றியிருக்க வேண்டும். பூச்சிக்கொல்லியாக்கலாம் என்று உருவாக்கப்பட்டு, 1941-இல் புற்றுக்காரணி என்று தெரிந்து கைவிடப்பட்ட அசெட்டைல்அமினோஃபுளோரின் என்ற பொருளில், நைட்ரஜன்மேல் ஆக்சிஜன் ஏறுவதுதான் முதல் படி என்பதையும் 1960-இல் அவர்கள் குழு கண்டுபிடித்தது. ஒரு துணைக்கதை: கினிப் பன்றிக்கு இந்தப் பொருளால் கட்டி வராது. அதன் கல்லீரல் அந்த ஓர் ஆக்சிஜனை ஏற்றுவதே இல்லை எனலாம். இதை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பென்சிலை எடுங்கள்

புதிய பொருள் கைக்கு வந்ததும் கருவியை நோக்கி ஓடாதீர்கள். காகிதத்தில் அதன் அமைப்பை வரைந்து, பி450 எங்கே கடிக்கும் என்று யோசியுங்கள். கணிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றை அப்புறம் பார்க்கலாம். கையால் வரைந்தால்தான் கண் பழகும். வளையத்தோடு ஒட்டிய அமினோ அல்லது நைட்ரோ தொகுதி, நைட்ரோசமைன் (நைட்ரஜன்மேல் ஒரு நைட்ரஜன்-ஆக்சிஜன் ஜோடி ஏறியது), மூன்றுக்கு மேற்பட்ட வளையங்கள் சேர்ந்து விளிம்பில் குடா மாதிரி வளைந்திருப்பது, எபாக்சைடாகக் கூடிய தனி இரட்டைப் பிணைப்பு: முதல் மாதத்துக்கு இந்த நான்கையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

அஃப்ளடாக்சின் பி1-ஐ வரைந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். பூஞ்சை உண்டாக்கும் இந்த நஞ்சுக்கு ஓர் ஓரத்தில், 8, 9 கார்பன்களுக்கு இடையே, ஓர் இரட்டைப் பிணைப்பு. ஆக்சிஜன் அங்கே விழுந்தால் மிக மோசமான எபாக்சைடு. வேறோர் இடத்தில் ஹைட்ராக்சிலாக விழுந்தால் எம்1 என்ற பொருள் உண்டாகிறது. மாடு கெட்ட தீவனம் தின்றால் பாலில் வருவது இதுதான். அதுவும் நல்லதல்ல, ஆனால் புற்று உண்டாக்கும் வீரியம் பி1-ஐ விட மிகக் குறைவு. மூலக்கூறு ஒன்றே, ஆக்சிஜன் விழுந்த இடம்தான் வேறு.

கையாள்வதில் கஞ்சத்தனம் வேண்டாம்

நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, எப்போதும் புகைபோக்கிப் பெட்டிக்குள். பொடியாக எடை போட வேண்டாம். சிறு குப்பியில் வாங்கி, அந்தக் குப்பிக்குள்ளேயே கரைப்பானை ஊற்றிக் கரையுங்கள். அஃப்ளடாக்சினோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அதன் பெயரில் உள்ள 'பி' நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, ஏனென்றால் புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கைக் கையுறைமேல் காட்டிப் பாருங்கள். நான் முதன்முறை பார்த்தபோது பேனா மூடியில் இரண்டு நீலப் புள்ளிகள். அந்த மூடியைக் கடிக்கும் பழக்கம் அன்றோடு போயிற்று.

முதல் சோதனை: மைக்ரோசோம்

கல்லீரலை அரைத்து, புவியீர்ப்பைப் போல 9,000 மடங்கு விசையில் சுழற்றினால் மேலே நிற்கும் திரவத்துக்கு எஸ்9 என்று பெயர். அதையே 1,00,000 மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் அடியில் படிவது மைக்ரோசோம். பி450 நொதிகள் இருப்பது மைக்ரோசோமில். சல்ஃபேட் ஏற்றும் நொதி, அசெட்டைல் ஏற்றும் நொதி, குளூட்டாதயோன் ஏற்றும் நொதிகளில் பெரும்பங்கு எல்லாம் மேல் திரவத்தில் தங்கிவிடும். உங்கள் கேள்வி எதைப் பற்றியது என்று பார்த்துப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசோமை மட்டும் போட்டுவிட்டு 'சல்ஃபேட் உண்டாகவில்லை' என்று முடிவெழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செய்முறை எளிது. பிஎச் 7.4 உள்ள பாஸ்பேட் பஃபர், மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் மைக்ரோசோம் புரதம், கொஞ்சம் மெக்னீசியம், உங்கள் பொருள். இதை 37 டிகிரியில் சில நிமிடம் சூடேற விட்டு, கடைசியாக 1 மில்லிமோலார் என்ஏடிபிஎச் சேர்த்ததும் கடிகாரத்தை அழுத்துங்கள். பூஜ்ஜியம், 5, 15, 30 நிமிடங்களில் நூறு மைக்ரோலிட்டர் எடுத்து, ஐஸில் வைத்த அசிட்டோநைட்ரைலில் விடுங்கள். புரதம் திரிந்த பால் போல வெள்ளையாகத் திரண்டு நிற்கும். சுழற்றி, தெளிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களை நிஜமாகக் காப்பாற்றப்போவது கண்ட்ரோல் குழாய்கள். என்ஏடிபிஎச் இல்லாத ஒன்று, கொதிக்க வைத்த மைக்ரோசோம் போட்ட ஒன்று, உங்கள் பொருளே இல்லாத ஒன்று, நன்றாக வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள் போட்ட ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன். ஒரு நைட்ரோசமைனை வைத்து மூன்று வாரம் ஓட்டினேன், எதுவும் உருவாகவில்லை. மைக்ரோசோம் செத்துப்போயிருக்கும் என்று புதிதாக வரவழைத்தேன், அதிலும் அதே கதை. கடைசியில் பார்த்தால் பழக்க தோஷத்தில் பொருளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருக்கிறேன். சிறிய நைட்ரோசமைன்களை மாற்றுவது பி450 குடும்பத்தின் 2ஈ1 என்ற நொதி. டிஎம்எஸ்ஓ அந்த நொதியையே அடைத்துக்கொண்டு உட்காரும். என் நைட்ரோசமைனோ தண்ணீரிலேயே கரையும் பொருள். ஒரே ஒரு தெரிந்த பொருளைப் பக்கத்துக் குழாயில் ஓட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கரைப்பான் எதுவானாலும் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். மைக்ரோசோமைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள்.

நிறை எண்களைப் படிப்பது

அந்தத் தெளிவை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டினால் வருவது எண்களின் காடு. நான்கைந்து வித்தியாசங்களை மனப்பாடமாக வைத்திருந்தால் வழி தெரியும். மூலப் பொருளை விட 16 கூடினால் ஓர் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. 14 குறைந்தால் ஒரு மெத்தில் கழன்றது. 42 கூடினால் அசெட்டைல், 80 என்றால் சல்ஃபேட், 176 என்றால் குளூக்குரோனிக் அமிலம் (பொருளை நீரில் கரைய வைக்கக் கல்லீரல் ஒட்டும் சர்க்கரை வகை அமிலம்). 16 என்றதும் எபாக்சைடு என்று குதித்துவிட வேண்டாம், சாதாரண ஹைட்ராக்சிலும் அதே 16தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். நாம் தேடும் ஆசாமி காத்திருக்க மாட்டான். அஃப்ளடாக்சினின் எபாக்சைடு தண்ணீரில், அறை வெப்பத்தில், ஏறக்குறைய ஒரு நொடியில் பாதியாகக் கரைந்துபோகும். நீங்கள் சுழற்றி முடிப்பதற்குள் அது இருந்த சுவடே இருக்காது. அதனால் முன்கூட்டியே குழாயில் குளூட்டாதயோனைப் போட்டுவையுங்கள். உடல் தன் செல்களில் வைத்திருக்கும் அதே பொருள்தான். அதில் உள்ள கந்தகம், எலக்ட்ரானுக்கு அலையும் பலவற்றைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டதன் நிறையில் 307 ஏறியிருக்கும். கருவியில் உடைத்தால் 129 கழன்று விழும். அந்த 129தான் குளூட்டாதயோனின் கைரேகை.

பழகுவதற்கு அஃப்ளடாக்சின் வேண்டாம், பாராசிட்டமாலில் தொடங்குங்கள். மலிவு, ஆபத்து குறைவு, விடை ஏற்கெனவே தெரியும். அதன் நிறை 151. பி450 அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கி, குயினோன் இமைன் என்ற ஆவேசமான பொருளாக்கும். அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரல் கருகுவது இதனால்தான். 151-இல் 2 போய், 307 ஏறி, ஒரு புரோட்டானும் சேர்ந்தால் 457. உங்கள் திரையில் 457 வர வேண்டும், உடைத்தால் 328 வர வேண்டும், என்ஏடிபிஎச் இல்லாத குழாயில் இரண்டும் வரக் கூடாது. இந்த மூன்றும் சரியாக அமைந்த நாளில் நீங்கள் அஃப்ளடாக்சினுக்குப் போகலாம். அதன் எண் 636. எப்படி என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அதன் நிறை 312.

எந்த பி450 இதைச் செய்தது என்று அடுத்ததாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பான் உண்டு: 1ஏ2-க்கு ஃபியூராஃபிலின், 3ஏ4-க்குக் கீட்டோகோனசோல் என்று. ஒன்றைச் சேர்த்ததும் உங்கள் எண் மறைந்தால் அந்த நொதியைச் சந்தேகிக்கலாம். தனித்தனியாகத் தயாரித்த மனித நொதிகளிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஏம்ஸ் சோதனை: நம்புங்கள், ஆனால் தட்டை உற்றுப் பாருங்கள்

பொருள் மாறுகிறது, எதையோ பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. மரபணுவைக் கெடுக்கிறதா? இதற்கு புரூஸ் ஏம்ஸ் பெர்க்லியில் உருவாக்கிய சோதனையே இன்றும் முதல் வாசல். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாதபடி பழுதாக்கப்பட்ட சால்மொனெல்லா பாக்டீரியா. ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அது வளராது. உங்கள் பொருள் அதன் டிஎன்ஏவைக் கிண்டிவிட்டால், சிலவற்றில் தற்செயலாகப் பழைய பழுது சரியாகி, அவை தட்டில் புள்ளிப் புள்ளியாக முளைக்கும். எண்ணினால் விடை. பாக்டீரியாவிடம் நம் பி450 கிடையாது என்பதால் எஸ்9-ஐச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைப் புகுத்திய 1973-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகுதான் சோதனை பெரிய அளவில் பரவியது.

எஸ்9 உள்ளது, இல்லாதது என்று இரண்டு வரிசை. டிஏ98 என்ற சால்மொனெல்லா வகையில் எதுவும் சேர்க்காமலே இருபது முதல் ஐம்பது புள்ளி வரும், டிஏ100-இல் நூறையொட்டி. எஸ்9 வரிசையில் மட்டும் பொருளின் அளவு கூடக் கூடப் புள்ளிகளும் கூடினால், மூலப் பொருள் தானாக டிஎன்ஏவைக் கெடுக்கவில்லை, உடல்தான் அதைக் கூராக்குகிறது என்று பொருள்.

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். பொருள் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால், தட்டின் பின்னணியில் மெல்லிய பனி போலப் படர்ந்திருக்க வேண்டிய வளர்ச்சி காணாமல் போகும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு, செத்தவை விட்டுப்போன ஹிஸ்டிடினைத் தின்று குண்டூசி முனையளவு வளரும். அவற்றை எண்ணிவிட்டால் போச்சு. ஒவ்வொரு தட்டையும் நுண்ணோக்கியில் ஒரு முறை பாருங்கள். இன்னொன்று, சாசஃப்ராஸ் மர எண்ணெயில் இருக்கும் சாஃப்ரோல் மாதிரியான பொருள்கள். இவற்றில் முதலில் ஓர் ஆக்சிஜன் ஏறி, அதன்மேல் சல்ஃபேட் ஏறிய பிறகே விபரீதம். பாடப்புத்தகம் சல்ஃபேட் ஏற்றுவதை 'நஞ்சு நீக்கம்' என்று எழுதியிருக்கும். இங்கே அதுதான் விசையை இழுக்கிறது. வழக்கமான எஸ்9 கலவையில் சல்ஃபேட் கொடுக்கும் துணைப்பொருளே இல்லாததால், தட்டு அமைதியாக 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்.

எந்த விலங்கின் கல்லீரல்?

சொல்லப்போனால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருவதை லுட்விக் ரென் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895-இலேயே எழுதிவிட்டார். சந்தேகத்தில் இருந்த, சாயத் தொழிலில் பயன்பட்ட 2-நாஃப்தைலமைன் என்ற அமைன், விலங்கில் அதே புற்றை உண்டாக்கும் என்று ஹியூப்பர் குழு நாய்களில் காட்டியது 1938-இல். நடுவில் நாற்பது ஆண்டுக்கு மேல். நாயிடம் அசெட்டைல் ஏற்றும் நொதி இல்லை. அதனால் அமைன் முடங்காமல், நைட்ரஜனில் ஆக்சிஜன் ஏறி, குளூக்குரோனிக் அமிலத்தின் முதுகில் சவாரி செய்து சிறுநீர்ப்பை வரை போய், அங்கே இறங்கிக்கொள்கிறது. எலி, முயல்களில் இந்தப் படம் தெளிவாக வராது. அந்த ஆண்டுகள் முழுக்கத் தொழிலாளர்கள் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அஃப்ளடாக்சின் எலிக்கு எமன், சுண்டெலிக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. எபாக்சைடை உண்டாக்குவதில் சுண்டெலி சளைத்ததல்ல, ஆனால் அதைக் குளூட்டாதயோனோடு கட்டிப்போடும் நொதி அதனிடம் அமோகமாக இருக்கிறது. செயற்கை இனிப்பான சாக்கரின் எலிக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி தந்தது. காரணம் எலியின் சிறுநீர் வேதியியல்: அதில் உண்டாகும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் பையின் சுவரை அரிக்கின்றன. மனிதரில் அது நடப்பதில்லை என்று கண்டபின், 2000-இல் அமெரிக்காவின் புற்றுக்காரணிப் பட்டியலிலிருந்து சாக்கரினை எடுத்தார்கள்.

ஆகவே எலி மைக்ரோசோமில் எதை ஓட்டினாலும், பக்கத்திலேயே மனித மைக்ரோசோமும் ஓட்டுங்கள். பலருடைய கல்லீரலைக் கலந்து தயாரித்ததையே வாங்குங்கள். ஒருவர் கல்லீரலுக்கும் இன்னொருவர் கல்லீரலுக்கும் ஒரே நொதி பல மடங்கு வேறுபடும்.

வீட்டில் கேட்பார்கள்

நீங்கள் இந்த வேலை பார்க்கிறீர்கள் என்று தெரிந்ததும் உறவினர்கள் ஒவ்வொரு பொருளாகக் காட்டி 'இது புற்றுநோய் தருமா?' என்பார்கள். லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலைத் திறப்பீர்கள். புகையிலைப் புகையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே முதல் பிரிவில் இருக்கும். அதனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று சொல்லிவிடாதீர்கள். மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. எவ்வளவு உட்கொண்டால் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கணக்கு.

குப்பியில் பெயர் எழுதுங்கள்

அஃப்ளடாக்சின் குவானினில் ஒட்டியது சில நாளில் குவானினோடு சேர்ந்தே கழன்று சிறுநீரில் வந்துவிடும். ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம், அவர்கள் நலமாக இருந்தபோதே சிறுநீர் வாங்கி உறைய வைத்திருந்தார்கள். பின்னால் சிலருக்குக் கல்லீரல் புற்று வந்ததும் பழைய குப்பிகளைத் தேடி எடுத்து அளந்தார்கள். நோய் வந்தவர்களின் சிறுநீரில் அந்தத் தடயம் கூடுதலாகக் கிடைத்தது. ஹெபடைடிஸ் பி கிருமியும் உடன் இருந்தவர்களிடம் ஆபத்து பல மடங்கு எகிறியிருந்தது. 1992-இல் வந்த அந்த ஆய்வு, குழாயில் பார்த்த வேதியியலை மனிதரில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒவ்வொரு குப்பியும் யாருடையது, எப்போது எடுத்தது என்று எழுதியிருந்ததால்தான் முடிந்தது.

மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு குழாயிலும் தேதி, பொருள், அளவு, நிமிடம், மைக்ரோசோம் எந்தத் தொகுப்பு, உங்கள் பெயரெழுத்து எல்லாம் எழுதுங்கள், குளிரில் அழியாத மையில். என் முதல் ஆண்டின் குப்பி ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது. '3, முக்கியம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். எறியவும் மனம் வரவில்லை.